ஒரே ஒரு நகம் மட்டும் கறுத்தால்?

வாக்குச்சாவடியில் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிய எல்லாருமே கறுத்த நகம் ஒன்றோடு சில மாதங்கள் வாழ்ந்தவர்கள்தான். ஊதாவாகத் தடவப்படும் அந்த மை கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். 1962 பொதுத்தேர்தலில் இருந்து, கர்நாடக அரசின் மைசூர் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனம் தயாரித்துத் தரும் மை அது. அதிலுள்ள சில்வர் நைட்ரேட், தோலில் இருக்கும் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுப்பாகிறது. சோப்பு, எலுமிச்சம்பழம், தேங்காய் எண்ணெய் என்று எதைத் தேய்த்தாலும் உடனே போகாது. தோலில் பட்டது இரண்டு மூன்று வாரத்தில் உரிந்துவிடும். நகத்தில் பட்டது உரியாது, நகரும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அடியில் சுத்தமான புது நகம் மெலிசாக முளைத்திருக்கும். கறுப்பு, நுனியை நோக்கித் தள்ளப்பட்டிருக்கும்.

மருதாணி வைக்கிற வீடுகளில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஆடியில் வைத்தது தீபாவளி வாக்கில் நகத்தின் பாதியில் நிற்கும். பொங்கலுக்குள் நகவெட்டியில் போய்விடும். கை நகம் ஒன்று வேரில் இருந்து நுனிவரை முழுசாகப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிறது என்ற பாடப்புத்தகத் தகவலை, நம் வீட்டுப் பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே கற்று வைத்திருக்கிறார்கள்.

இந்த நகர்வுதான் இந்தக் கட்டுரைக்கு அச்சாணி. கை நகமோ கால் நகமோ திடீரென்று கறுத்துப்போனால் ஒருவர் முதலில் செய்வது, செல்போனை எடுத்துத் தேடுவது. இரண்டாவது நிமிடத்திலேயே ‘கேன்சர்’ என்ற சொல் வந்து நிற்கும். அப்படிப் பதறி ஓடிவருகிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது கேன்சர் இல்லை. சிக்கல் என்னவென்றால், அபூர்வமாக உண்மையிலேயே கேன்சர் இருக்கிறவர் பதறுவதே இல்லை. வலிக்காத ஒரு கோட்டுக்கு யார் டாக்டரிடம் போவார்கள்? ‘எங்கேயோ இடிச்சிருப்பேன்’ என்று விட்டுவிடுகிறார். பயத்தை எந்த நகத்தின் மேல் வைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும்.

தகடும் வேரும்

நாம் வெட்டி எறியும் நகம் உயிரில்லாத கெரட்டின் தகடு. உயிர் இருப்பது அதன் வேரில். விரலின் அடித்தோலுக்குள் ஒளிந்திருக்கும் அந்த இடத்தில்தான் நகம் நாள்தோறும் உற்பத்தியாகி வெளியே தள்ளப்படுகிறது. கட்டைவிரலில் வெள்ளையாகத் தெரியும் பிறை, அந்த வேரின் முன்பகுதி. தகட்டுக்குக் கீழே இருப்பது இளஞ்சிவப்பான நகப்படுகை. தகடு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுவது என்பதால், படுகையின் ரத்த ஓட்டம்தான் நகத்துக்கு ரோஜா நிறத்தைத் தருகிறது.

வளர்ச்சி வேகம் கை நகத்துக்கு மாதம் சுமார் 3 மில்லிமீட்டர். கால் நகத்துக்கு அதில் பாதி, சிலருக்கு அதற்கும் குறைவு. கால் பெருவிரல் நகம் முழுசாக மாற ஒரு வருடத்தில் இருந்து ஒன்றரை வருடம் ஆகும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் இதை 35 ஆண்டுகள் தன் கையிலேயே அளந்தார். மாதத்தின் முதல் தேதி, இடது கட்டைவிரல் நகத்தில், தோலை ஒட்டி அரத்தால் குறுக்கே ஒரு கோடு கீறுவார். அது நுனிக்கு வந்துசேர எத்தனை நாள் என்று குறித்துவைப்பார். 32 வயதில் ஒரு நாளைக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டராக இறங்கியிருந்தது. 1980-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனால், அவர் கீறிய அந்தக் கோடு இன்றைக்கும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு பரிசோதனை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கறுப்பு மூன்று இடங்களில் இருக்கலாம். தகட்டின் மேல் ஒட்டியிருக்கலாம், தகட்டுக்கு அடியில் தேங்கியிருக்கலாம், தகட்டுக்குள்ளேயே கலந்திருக்கலாம். மேலே ஒட்டியது என்றால் தேர்தல் மை, மருதாணி, தலைக்குப் போடும் டை, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல், மெக்கானிக் கையின் கிரீஸ். பிளேடின் பக்கத்தால் லேசாகச் சுரண்டினால் அந்த இடம் வெளுக்கும். நகம் வளர வளர, இந்தக் கறையின் கீழ் விளிம்பு நகத்தோலின் வளைவைப் போலவே வளைந்து நிற்கும். இதற்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை, விட்டுவிடலாம். மற்ற இரண்டும்தான் விஷயம்.

ரத்தம் கட்டிய நகம்

கார் கதவில் மாட்டிய கட்டைவிரல், சுத்தியல் தவறி விழுந்த ஆள்காட்டி விரல், கிரைண்டர் கல் நழுவி விழுந்த கால் பெருவிரல். நகத்துக்கும் எலும்புக்கும் நடுவில் நூலிழை இடம்தான். அங்கே ரத்தம் கசிந்தால் விரிய வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் இரவு முழுக்க விண் விண்ணென்று தெறிக்கிறது. அடிபட்ட ஓரிரு நாளுக்குள், வலி பொறுக்க முடியாமல் இருந்தால், டாக்டர் ஊசி முனையாலோ மின்சூட்டு முனையாலோ நகத்தில் ஒரு பொட்டுத் துளை போடுவார். கறுத்த ரத்தம் ஒரு சொட்டு எட்டிப்பார்க்கும், வலி அந்த நொடியே இறங்கும். நகத்துக்கு உணர்ச்சி கிடையாது என்பதால் துளை போடுவது பெரும்பாலும் வலிக்காது. இதை வீட்டில் ஊக்கைக் காய்ச்சிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. மற்றவர்களும் போகாமல் இருப்பது நல்லது. எலும்பில் விரிசல் இருந்து, அதன் மேல் துளை போட்டு, அதற்குள் கிருமி போனால் கதை நீளும்.

அடிபட்டது நினைவில் இருந்தால் குழப்பம் இல்லை. நினைவே இல்லாமல் கறுத்துப்போகிற நகம்தான் குழப்பும். மாரத்தான் ஓடுகிறவர்களின் கால் நகங்கள் இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வோர் அடிக்கும் விரல் ஷூவின் முன்பக்கத்தில் இடிக்கிறது. ஒரு இடி ஒன்றும் செய்யாது. பத்தாயிரம் இடி செய்யும். மலையிறங்குகிறவர்கள், ஃபுட்பால் ஆடுகிறவர்கள், இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூவோடு எட்டு மணி நேரம் நிற்கும் தொழிற்சாலை ஊழியர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள். பெருவிரல் நகம் கறுக்கும். இரண்டாவது விரல் நீளமாக இருப்பவர்களுக்கு அது கறுக்கும். இறுக்கமான செருப்பிலும் ஷூவிலும் ஓயாமல் உரசும் சுண்டுவிரல் நகத்தில் ரத்தமே இல்லாமல், வேர் எரிச்சலடைந்து, பழுப்புக் கோடு விழுவதும் உண்டு.

தோலில் கன்றிய இடம் ஊதாவில் இருந்து பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி ஒரு வாரம், பத்து நாளில் மறைகிறதே, நகம் ஏன் அப்படி மாறுவதில்லை? தோலில் சிந்திய ரத்தத்தைத் தின்று செரிக்க, துப்புரவு செல்கள் வந்துவிடும். நகத்தகட்டின் அடியில் ஒட்டிய ரத்தத்தை அவை எட்ட முடியாது. அது அப்படியே உறைந்து, தகட்டோடு சேர்ந்து பயணம் செய்கிறது. அதனால்தான் போன வருடம் இடித்த கால் நகம் இந்த வருடமும் கறுப்பாக இருக்கிறது. ‘ஆறு மாசம் ஆச்சு டாக்டர், இன்னும் போகலை’ என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. கால் பெருவிரலில் ஆறு மாதம் என்பது பாதி வழி.

பீன் கீறிய கோடு உதவுவது இங்கேதான். கறுப்புத் திட்டின் அடிவிளிம்புக்கு நேராக, நகத்தின் மேல், நக அரத்தால் மெல்லக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுங்கள். கை நகமானால் ஒரு மாதம், கால் நகமானால் இரண்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். கோடும் கறுப்பும் சேர்ந்தே நகர்ந்து, அடியில் நல்ல நகம் வந்திருந்தால் அது பெரும்பாலும் பழைய ரத்தம். கோடு நகர்ந்து, கறுப்பு நகராமல் வேரையே பிடித்துக்கொண்டு நின்றால், அங்கே ஏதோ ஒன்று தொடர்ந்து நிறத்தை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதை டாக்டர் பார்த்தாக வேண்டும். ரத்தம்தான் என்று தெரிந்துவிட்டாலும், அதே இடத்தில் காரணமே இல்லாமல் மறுபடி மறுபடி ரத்தம் கட்டுமானால் விடக்கூடாது. கட்டிகளும் கசியும்.

சொத்தை நகம்

நகச்சொத்தை என்றாலே கால்சியம் குறைவு என்று நாமே முடிவுகட்டி, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சாப்பிடும் வழக்கம் இருக்கிறது. நகத்தின் கடினத்துக்குக் காரணம் கெரட்டின்; அதில் கால்சியத்தின் பங்கு மிகச் சொற்பம். சொத்தைக்குப் பெரும்பாலும் காரணம் பூஞ்சை. மஞ்சளாகத் தொடங்கி, தடித்து, நுனியில் பொடிப்பொடியாக உதிரும். சிலவகைப் பூஞ்சைகள் தாங்களே கறுப்பு நிறமியைச் சுரக்கும். அப்போது நகத்தில் கறுப்புப் பட்டை விழுந்து கேன்சர் மாதிரியே பயமுறுத்தும். ஒரு வித்தியாசத்தை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பூஞ்சை பெரும்பாலும் நுனி வழியாக உள்ளே நுழைகிறது. எனவே கறுப்பு நுனியில் அகலமாகவும், வேரை நோக்கிப் போகப்போகக் குறுகியும் இருக்கும். இந்த வடிவத்தை நினைவில் வையுங்கள். இதற்கு நேர் எதிரான வடிவம் ஒன்று பின்னால் வரப்போகிறது.

நகத்துணுக்கைக் கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா என்று சொல்லிவிடலாம். பூஞ்சைதான் என்றால் டெர்பினாஃபின் மாத்திரை, கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். கல்லீரல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். மூன்று வாரம் சாப்பிட்டு, ‘ஒரு மாற்றமும் இல்லை’ என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். மருந்து பழைய நகத்தை வெள்ளையடிக்காது. வேரில் இருந்து புது நகம் சுத்தமாக வரச் செய்யும், அவ்வளவுதான்.

நாளெல்லாம் கை தண்ணீரில் இருக்கிறவர்களுக்கு வேறொரு கறுப்பு. பாத்திரம் கழுவுகிறவர்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கள், மீன் வெட்டுகிறவர்கள். நகம் படுகையை விட்டு லேசாகத் தூக்கிக்கொள்ள, அந்த இடுக்கில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறும். அது சுரக்கும் நிறம் கரும்பச்சை. தூரத்தில் இருந்து பார்த்தால் கறுப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் பாசி நிறம். தூக்கிக்கொண்ட நகத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தை ஈரமில்லாமல் வைத்துக்கொண்டாலே பாதி சரியாகும். இந்த வேலையைச் செய்கிறவர்களிடம் கையை ஈரமில்லாமல் வைத்துக்கொள் என்று சொல்வது எவ்வளவு சுலபம், செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது வேறு விஷயம்.

உள்ளேயே எழுதப்பட்ட கோடு

மூன்றாவது, தகட்டுக்குள்ளேயே கலந்த நிறம். தோலுக்கும் முடிக்கும் கறுப்பைத் தரும் அதே மெலனின்தான். நக வேரில் மெலனோசைட் செல்கள் எல்லாருக்கும் உண்டு. வெள்ளைத்தோல்காரர்களுக்கு அவை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். கறுத்த தோல்காரர்களுக்கு விழித்துக்கொள்வது சகஜம். ஓரிடத்தில் விழித்துக்கொண்ட செல், அந்த இடத்தில் இருந்து புறப்படும் நகத்துக்கு ஓயாமல் சாயம் ஏற்றிக்கொண்டே இருக்கும். விளைவு, வேரில் இருந்து நுனிவரை பென்சிலால் போட்டது போல ஒரு நெடுங்கோடு.

ஆப்பிரிக்க வம்சாவளியினரில் 20 வயதைத் தாண்டியவர்களில் 77 சதவீதம் பேருக்கும், 50-ஐத் தாண்டியவர்களில் ஏறக்குறைய எல்லாருக்குமே ஒரு நகத்திலாவது இப்படி ஒரு கோடு இருக்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஜப்பானியரில் 10 முதல் 20 சதவீதம். வெள்ளையரில் ஒரு சதவீதம் வாக்கில். நம் நிறம் எல்லா அடுக்கிலும் இருக்கிறது. மாநிறமும் கறுப்பும் கொண்ட நம்மில் பலருக்கும் நகங்களில் லேசான பழுப்புக் கோடுகள் இருப்பது இயல்பு. பல விரல்களில் இருந்து, வருடக்கணக்கில் மாறாமல் இருந்தால் அது உங்கள் நிறத்தின் ஒரு பகுதி, அவ்வளவே.

பல நகங்கள் ஒரே சமயத்தில், புதிதாகக் கறுக்கத் தொடங்கினால்? அப்போது விரலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு உடம்பைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைட்டமின் பி12 குறைவை. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது சகஜம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையும். இது அசைவக்காரர்களுக்கும் பொருந்தும். நகம் கறுப்பதோடு விரல் மூட்டுகளின் மேல்தோலும் கறுத்து, காலில் மரத்துப்போன உணர்வு, சோர்வு, வாய்ப்புண் எல்லாம் சேர்ந்து வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசியோ மாத்திரையோ போட்டால், சில மாதங்களில் நகத்தின் அடிப்பக்கம் இருந்து நிறம் வெளுத்துக்கொண்டே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். இவ்வளவு சுலபமாகத் தீரக்கூடிய ஒன்றுக்கு ஆறு மாதம் நெயில் பாலிஷ் பூசி மறைத்திருப்பார்கள்.

கர்ப்ப காலத்தில் சிலருக்கு நகக்கோடுகள் வந்து, பிரசவத்துக்குப் பிறகு மங்கும். அட்ரினல் சுரப்பி சோர்ந்துபோகும் அடிசன் நோயில் நகம் மட்டுமல்ல, ஈறு, உள்ளங்கை ரேகை, பழைய தழும்பு எல்லாமே கறுக்கும். கூடவே எடை இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றும். பருவுக்குத் தரும் மினோசைக்ளின், மூட்டுவாதத்துக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், ரத்த நோய்களுக்குத் தரும் ஹைட்ராக்ஸியூரியா என்று நகத்தைக் கறுக்கவைக்கும் மாத்திரைகளின் பட்டியலும் உண்டு. எச்.ஐ.வி-க்கு ஜிடோவுடின் பரவலாகக் கொடுக்கப்பட்ட காலத்தில், கறுத்த நகங்களை மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அஞ்சிக் கையை மடக்கியே வைத்திருந்தவர்கள் உண்டு.

கீமோதெரபி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகள் நகத்தைக் கறுக்கவைக்கும். சிலருக்கு நகம் முழுக்க, சிலருக்குக் குறுக்கே பட்டை பட்டையாக. முடி கொட்டும் என்று முன்கூட்டியே சொல்கிறவர்கள், நகம் கறுக்கும் என்று சொல்ல மறந்துவிடுகிறார்கள். நோய் நகத்துக்கும் பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் உள்ளுக்குள் நொறுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது பரவல் இல்லை. மருந்து நின்ற பிறகு, புது நகம் வளர வளர, தானே வெளியேறிவிடும். உங்கள் வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால், இதை அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பாப் மார்லியின் கால் விரல்

இப்போது அந்த ஒரே ஒரு நகம். 1977-ல், ‘எக்ஸோடஸ்’ ஆல்பம் வெளிவந்த வருடத்தில், ஜமைக்காவின் ரெகே இசைக்கலைஞர் பாப் மார்லிக்கு வலது கால் பெருவிரலில் ஒரு புண். அவருக்கு ஃபுட்பால் பைத்தியம். ஆடும்போது மிதிபட்டதால் வந்த காயம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆறவில்லை. கடைசியில் திசுப் பரிசோதனை செய்தபோது, அது நகத்துக்கு அடியில் வளர்ந்த மெலனோமா என்று தெரிந்தது. மெலனோசைட் செல்களில் தோன்றும், வேகமாகப் பரவும் புற்றுநோய். விரலை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். உடலில் எதையும் வெட்டி எடுக்கக் கூடாது என்ற ராஸ்தஃபாரி சமய நம்பிக்கை கொண்ட அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. நகத்தையும் நகப்படுகையையும் அகற்றி, தோல் ஒட்டு வைத்தார்கள். 1980 செப்டம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தார். நோய் மூளைவரை போயிருந்தது. இரண்டு நாள் கழித்து பிட்ஸ்பர்க்கில் கடைசிக் கச்சேரி. 1981 மே 11-ல் மயாமியில் இறந்தார். வயது 36.

ஃபுட்பால் காயம் புற்றுநோயை உண்டாக்கியது என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. காயம் செய்தது வேறு. எல்லாரின் கண்ணையும் அது திசைதிருப்பியது. ‘அடிபட்டதுதான்’ என்ற விளக்கம் கையில் தயாராக இருக்கும்போது யாரும் வேறு விளக்கம் தேடுவதில்லை. இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு: கறுப்புத் தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்பது. வெயிலால் வரும் வகைகள் நமக்குக் குறைவு, உண்மை. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகம் ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. வெள்ளையரிடையே எல்லா மெலனோமாக்களிலும் நகத்தில் வருவது 0.7 முதல் 3.5 சதவீதம்தான். ஆசியர், ஆப்பிரிக்கரிடம் மெலனோமாவே அபூர்வம். வந்தால், உள்ளங்காலிலும் நகத்திலும் வருவதே அதிகம். நம் நகங்களில் சாதுவான கோடுகள் நிறைய இருப்பதால், அவற்றுக்கு நடுவே இது ஒளிந்துகொள்வதும் சுலபம்.

லண்டன் அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 1886-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அவர் விவரித்தவை, நகச்சுற்று என்று நினைத்து மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்கப்பட்டவை, விளிம்பில் மட்டும் மெலிசாகக் கறுப்பு தெரிந்தவை. நம் ஊரிலும் நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் செருகிக்கொள்வோம். சாதாரண நகச்சுற்று என்றால், எலுமிச்சம்பழத்தாலோ அது இல்லாமலோ ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும். மாதக்கணக்கில் வடியாத, ஈரம் கசியும் நகச்சுற்று நகச்சுற்றே இல்லாமல் இருக்கலாம். நக மெலனோமாவில் கணிசமான பங்கு கறுப்பாகவே இருப்பதில்லை. சிவந்த சதை வளர்ச்சியாக, ஆறாத புண்ணாக, நகத்தைப் பிளந்துகொண்டு வரும்.

அப்படியானால் எந்தக் கோட்டுக்குப் பயப்படுவது? ஒரே ஒரு நகம் மட்டும் என்பதே முதல் எச்சரிக்கை. அதிலும் கைக் கட்டைவிரல், கால் பெருவிரல், அடுத்து ஆள்காட்டி விரல். வயது 50-க்கு மேல் என்றால் கூடுதல் கவனம். கோடு 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். ஓரம் மங்கலாக, ஒழுங்கில்லாமல் இருப்பது. ஒரே கோட்டுக்குள் பழுப்பும் கறுப்பும் கலந்து கிடப்பது. சில மாதங்களில் அகன்றுகொண்டே போவது. கறுப்பு நகத்தைத் தாண்டி, நகத்தோலிலும் விரல் நுனியிலும் மை கசிந்தது போல இறங்கியிருந்தால், அதற்கு ஹட்சின்சன் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

முன்பு சொன்ன அந்த எதிர்வடிவம் இதுதான்: வேரில் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் இருக்கும் முக்கோணம். ஏன் இப்படி? நுனியில் இருப்பது ஆறு மாதத்துக்கு முன் உற்பத்தியான நகம். வேரில் இருப்பது இன்றைக்கு உற்பத்தியானது. நுனியில் கோடு 2 மில்லிமீட்டர், வேரில் 4 மில்லிமீட்டர் என்றால், சாயம் ஏற்றும் செல்கள் ஆறு மாதத்தில் இரண்டு மடங்கு இடத்தைப் பிடித்துவிட்டன. எப்படி வளர்ந்தது என்ற வரலாறு ஒரே நகத்தில் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு சுலபமாகத் தன் வளர்ச்சியைக் காட்டிக்கொடுக்கும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை.

டாக்டர் என்ன செய்வார்?

தோல் மருத்துவர் நகத்தின் மேல் கொஞ்சம் ஜெல்லைத் தடவி, டெர்மோஸ்கோப் என்ற விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். வலி இல்லை, சில நிமிட வேலை. ரத்தம் என்றால் விளிம்பில் சிவந்த ஊதா உருண்டைகள் தெரியும். மச்சம் என்றால் நிறமும் இடைவெளியும் சீராக, இணைகோடுகள். மருந்தோ இயல்பான நிறமோ என்றால் சாம்பல் பின்னணி. தடிமனும் இடைவெளியும் தாறுமாறான கோடுகள்தான் அவரை நிமிர்ந்து உட்காரவைக்கும். நகத்தின் நுனியை நேராகத் திருப்பி, குறுக்குவெட்டாகவும் பார்ப்பார். வேரின் பின்பகுதி நகத்தின் மேலடுக்கையும், முன்பகுதி கீழடுக்கையும் செய்கிறது. எனவே நிறம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்தால், வேரில் எந்த இடத்தில் சதை எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் பயாப்சி. இந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. ‘கத்தி பட்டால் பரவிடும்’ என்ற பயம், நகத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம். இரண்டுக்கும் அடிப்படை இல்லை. விரலின் அடியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நகத்தோலை மடக்கி, நகத்தின் அடிப்பகுதியை மட்டும் திறந்து, வேரில் இருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் ஒரு சீவல் எடுத்துவிட்டு நகத்தை மறுபடி மூடிவிடுவார்கள். பின்னால் நகத்தில் ஒரு மெல்லிய கோடோ பிளவோ மிஞ்சலாம். வெட்டிய நகத்துண்டை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பினால் பூஞ்சை தெரியும், நிறம் தெரியும். புற்றுநோய் செல் தெரியாது. அது வேரில் அல்லவா இருக்கிறது? ‘டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு’ என்கிறவர்கள், எதை எடுத்து டெஸ்ட் செய்தார்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

நோய் மேலடுக்கிலேயே இருக்கும்போது கண்டுபிடித்தால், நகத்தையும் வேரையும் படுகையையும் மட்டும் முழுசாக அகற்றி, தோல் ஒட்டு வைத்து, விரலைக் காப்பாற்றிவிடுகிறார்கள். விரலை வெட்டுவதே ஒரே வழி என்ற காலம் போய்விட்டது. ஆழமாக இறங்கியபின் வந்தால், விரலோ விரலின் ஒரு பகுதியோ போகும். தாமதமானால் விரல் போவதோடும் முடியாது.

குழந்தைகளின் நகத்தில் கறுப்புக் கோடு வந்தால் பெற்றோர் படும்பாடு சொல்ல வேண்டியதில்லை. நல்ல செய்தி, குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் மச்சம்தான். பயமுறுத்தும் அளவுக்கு அகலமாகவும் கறுப்பாகவும் இருக்கலாம். பின்னாளில் தானாகவே மங்குவதும் உண்டு. அந்த வயதில் நக மெலனோமா அபூர்வத்திலும் அபூர்வம். பெரியவர்களுக்குச் சொன்ன அளவுகோலைக் குழந்தைகள் மேல் வைத்து அவசரமாக வெட்டாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டி, போட்டோ எடுத்துக் கவனிப்பதையே பெரும்பாலும் சொல்வார்கள்.

முதியவர்கள் பாடுதான் வேறு. குனிய முடியாது, பார்வை மங்கல், கால் நகத்தைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்றே நினைவிருக்காது. சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்தால், செருப்பில் கல் இருந்ததும் தெரியாது, நகத்தில் ரத்தம் கட்டியதும் தெரியாது. இவர்களுக்கு நகம் மட்டும் கறுத்திருக்கிறதா, விரலே கறுக்கத் தொடங்கியிருக்கிறதா என்று வீட்டிலுள்ளவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். விரலின் தோல் நிறம் மாறி, ஜில்லென்று இருந்தால் அது நகப் பிரச்னை அல்ல; ரத்த ஓட்டம் நிற்கிறது. தோல் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டலாம். போகும்போது நெயில் பாலிஷை எல்லா விரல்களிலும் அழித்துவிட்டுப் போங்கள், ஒரு விரலில் மட்டும் அல்ல. மற்ற நகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வாரம் மருதாணி வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டும் போகாதீர்கள். பூஞ்சைப் பரிசோதனைக்கு எடுக்கத் துணுக்கு இருக்காது. சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகள், பழைய போட்டோக்கள் கையில் இருக்கட்டும். கால் நகம் என்றால், விசேஷத்துக்குப் போடும் செருப்பை விட்டுவிட்டு, தினமும் போடும் ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள். அதன் முன்பக்கத்தை டாக்டர் விரலால் அழுத்திப் பார்ப்பார்.